பலேர்மோவுக்குப் படிக்கப் போறதெண்டால்

(பரிமாற்றப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்காக ஓகூஸில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இத்தாலியில ஒரு செமஸ்டரை எப்படிப் பிரயோசனமாக்கலாம் எண்டு பேசச் சொல்லிக் கேட்டிருந்தீங்கள். மாஸ்டர்ஸ் படிக்கேக்க நான் இருந்தது சிசிலித் தீவின் தலைநகர் பலேர்மோவில. அதனால அந்த ஊரைப் பற்றித்தான் கதைக்கப் போறன். மிலான், பொலோனியா போறவை குறை நினைக்காதேங்கோ. பாதி விஷயம் உங்களுக்கும் பொருந்தும்.

முதல் கடதாசி வேலை. எராஸ்மஸ் திட்டம் தொடங்கினது 1987 இல். அதே வருஷம்தான் டென்மார்க்கின் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், எங்கட ஆக்களின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிப்பாட்டி வைக்கத் தொடங்கினார். 'தமிழர் வழக்கு' எண்டு டேனிஷ் பள்ளிக்கூடத்தில ஒரு பந்தியில படிச்சிருப்பீங்கள். 1993 ஜனவரியில பிரதமர் பவுல் ஷ்லூட்டர் அதாலதான் பதவி விலகினார். 1995 இல் நின்-ஹான்சனுக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைச்சது. ஐரோப்பா தன்ர மாணவருக்கு எல்லையைத் திறந்துவிட்ட நேரம் எங்கட அம்மாமார் கொழும்பில அனுமதிக் கடிதம் பாத்துக்கொண்டு இருந்திச்சினம்.

இதைப் பழங்கதையாச் சொல்லேல்ல. இந்த அறையில இருக்கிற கனபேர் டென்மார்க்கில பிறந்தவை. எல்லாரிட்டையும் டேனிஷ் பாஸ்போர்ட் இல்லை, இங்க பிறந்தது மட்டும் குடியுரிமை தராது. பாஸ்போர்ட் இருக்கிறவைக்கு விசா வேண்டாம், 3 மாதத்துக்கு மேல நிண்டால் அங்கத்த நகரசபையில பதிஞ்சால் சரி. இல்லாதவைக்கு, டேனிஷ் வதிவிட அனுமதியோட மற்ற ஷெங்கன் நாடுகளில 180 நாளுக்கு 90 நாள்தான் நிக்கலாம். ஒரு செமஸ்டர் அதைத் தாண்டும். அப்ப இத்தாலியத் தூதரகத்தில படிப்பு விசா எடுக்கவேணும். போய் இறங்கி 8 வேலை நாளுக்குள்ள 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ' எண்ட வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கவேணும். அதுக்கான படிவப் பொதி தபால் கந்தோரில கிடைக்கும். 'என்னட்ட நிரந்தர வதிவிடம் இருக்கு, காணும்' எண்டு நினைக்காதேங்கோ. நீண்டகாலம் வாழுற வெளிநாட்டவருக்கு மற்ற நாடுகளிலயும் உரிமை தர்ற ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில டென்மார்க் சேரவே இல்லை. கனநாள் வெளியில நிண்டால் டேனிஷ் அனுமதி காலாவதியாகவும் கூடும், அதனால வெளிக்கிட முதல் எழுத்தில உறுதி வாங்கி வையுங்கோ. இதையெல்லாம் பல்கலைக்கழகம் தானா வந்து சொல்லும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. அவை அனுப்பிற வழிகாட்டிக் கையேடு பாஸ்போர்ட் உள்ள பிள்ளையை நினைச்சு எழுதினது.

படிப்பு விஷயம் சுருக்கமா. பாடங்களுக்கு இங்கயே முன் அங்கீகாரம் எடுத்தால் எஸ்யூ உதவித்தொகை கையோட வரும். அங்க புள்ளி 30க்கு, 18 எடுத்தால் பாஸ். சோதினை பெரும்பாலும் வாய்மொழி, எங்களுக்கு அது புதுசில்லை. வகுப்பு கால் மணி பிந்தித் தொடங்கிற வழக்கம் அங்கயும் இருக்கு. ஆங்கிலத்தில நடக்கிற பாடங்களை மட்டும் எடுக்காதேங்கோ. எடுத்தால் ஆறு மாதமும் ஜேர்மன்காரரோடயும் டச்சுக்காரரோடயும் ஆங்கிலத்தில கதைச்சுப்போட்டு, இத்தாலியனில கோப்பிக்கு மட்டும் சொல்லத் தெரிஞ்சு திரும்புவீங்கள்.

இத்தாலிய நகரமொண்டுக்குப் படிக்கப் போய் அதை உண்மையாவே பிரயோசனப்படுத்தின ஒராளை உங்களுக்குத் தெரியும். அந்தோனியோ கிராம்சி. சார்தீனியாத் தீவுப் பெடியன். 1911 இல் ஏழை மாணவருக்கான புலமைப்பரிசில் எடுத்து துரின் நகரத்துக்குப் போனவர். காசு காணாது, குளிர், வருத்தம். மொழியியல் படிச்சார், பட்டம் முடிக்கேல்ல. ஆனா ஃபியட் தொழிலாளரிட்டப் போய்ச் சேர்ந்தார், 1919 இல் தோழர்களோட 'ஓர்தினே நுவோவோ' பத்திரிகை தொடங்கினார். பட்டத்தை விடச் சொல்லி நான் சொல்லேல்ல (அம்மாமார் ஆரும் கேட்டுக்கொண்டிருந்தால்). அந்த நகரத்தில ஆர் வேலை செய்யினம் எண்டு அவர் பாத்தார், அதைத்தான் சொல்லுறன்.

பலேர்மோவில வேலை செய்யிறது ஆர்? எங்கட ஆக்களும்தான். 1980களில இருந்து அங்க ஈழத்தமிழர் இருக்கினம், இண்டைக்குச் சில ஆயிரம் பேர். எங்கட அப்பா அம்மாவுக்கு ஹேர்னிங்கிலயும் வைலயிலயும் அகதி அந்தஸ்தும் மொழி வகுப்பும் நகரசபையும் இருந்தது. அங்க போனவைக்கு அப்படியொண்டும் இல்லை. பெரும்பாலானவை வீட்டு வேலைக்கும் வயதானவையைப் பராமரிக்கவும் போச்சினம். இத்தாலியில வீட்டு வேலை செய்யிறவைக்கு வழமையான ஓய்வு வியாழன் பின்னேரமும் ஞாயிறும். ஞாயிறு காலமை மொன்தே பெல்லெக்ரீனோ மலையடிக்குப் போய்ப் பாருங்கோ. மேல குகைக்குள்ள சாந்தா ரொசாலியாவின் கோயில். 1624 கொள்ளைநோயில இருந்து நகரத்தைக் காப்பாத்தினதா நம்பப்படுற காவல் புனிதர். கத்தோலிக்கரும் சைவரும் சேர்ந்து நேர்த்தி வைச்சு ஏறுகினம். நானும் ஏறினன், எனக்கு நம்பிக்கை இல்லாட்டியும். அங்கதான் ஆக்களைச் சந்திக்கலாம்.

அப்படிச் சந்திச்ச ஒரு பிள்ளை, பலேர்மோவில பிறந்தவ. அவவுக்கு டேனிஷ் தெரியாது, என்ர இத்தாலியன் அரைகுறை, ரெண்டு பேருக்கும் ஆங்கிலத்தில கதைக்க மனமில்லை. மிஞ்சினது தமிழ். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போனதுக்கு எனக்கு முதன்முதலாப் பலன் கிடைச்சது அண்டைக்குத்தான். அவவின்ர அம்மாவும் என்ர அம்மாவும் வடமராட்சியில பக்கத்துப் பக்கத்து ஊர். நான் பாஸ்போர்ட்டோட எராஸ்மஸ் வந்திருக்கிறன். அவவுக்கு அந்த நேரம் இத்தாலியக் குடியுரிமை இல்லை. 1992 ஆம் ஆண்டின் 91 ஆம் இலக்கச் சட்டப்படி அங்க பிறந்த வெளிநாட்டவரின் பிள்ளை 18 வயது வரை இடைவிடாமல் அங்கயே வாழ்ந்து, பிறகு ஒரு வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்கவேணும். அதைத் தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குத்தான். பெரியவைக்கு 10 வருஷ வதிவிடம். அதை 5 ஆக்கக் கேட்டு 2025 ஜூன் 8, 9 இல் நடந்த வாக்கெடுப்பில ஏறத்தாழ 30 வீதம்தான் வாக்களிச்சிச்சினம். பாதிக்கு மேல வேணும், அதனால செல்லாமப் போச்சு. 2002 இன் பொஸ்ஸி-ஃபீனி சட்டம் வதிவிடத்தை வேலை ஒப்பந்தத்தோட கட்டி வைச்சிருக்கு. வீட்டுக்கார அம்மா செத்தால் வேலையும் போகும், அனுமதிக்கும் ஆபத்து. அந்தப் பிள்ளை இங்க முழுப் பட்டப்படிப்புக்கு வர நினைச்சிருந்தால் கட்டணம் கட்டவேணும், 2006 இல் இருந்து ஐரோப்பாவுக்கு வெளிப் பாஸ்போர்ட்காரருக்கு டென்மார்க் அறவிடுது. எனக்கு அது இலவசம்.

அதனால 'அனுபவம் எடுக்கப் போறன்' எண்டு சொல்லேக்க கொஞ்சம் யோசியுங்கோ. எஸ்யூ வரிக்கு முன் 900 யூரோவுக்கு மேல. அது தன்ர மாதச் சம்பளம் அளவு எண்டு ஒரு அக்கா எனக்குச் சொன்னா. அந்தக் காசோட நாங்கள் பழைய நகரத்தில கேட்ட வாடகையைக் குடுத்தால், வாடகை ஏறும். அறையை எராஸ்மஸ் இணையத்தளங்களில எடுக்காமல், உள்ளூர் மாணவரோட பகிர்ந்து எடுங்கோ. மலிவும் கூட, மொழியும் வரும்.

பிறகு எங்க போறது? பல்லரோ சந்தைக்குப் போங்கோ, கடலைமாவில பொரிச்ச 'பனெல்லே' சாப்பிடுங்கோ, எங்கட கடலைமாப் பஜ்ஜியின் சொந்தக்காரன். அப்படியே பக்கத்தில ஆர்ச்சி போர்க்கோ ரொஸ்ஸோ எண்ட சங்கம், பத்திரமில்லாதவைக்கு உதவி மேசை நடத்துது. சிஜிஐஎல் தொழிற்சங்கத்தின் இன்கா அலுவலகத்தில வதிவிட அனுமதிப் படிவங்கள் நிரப்பிக் குடுப்பினம். தமிழும் ஆங்கிலமும் தெரிஞ்ச ஒராள் அங்க சும்மா இருக்கத் தேவையில்லை. வியா மக்குவேதா தெருவிலயும் நடவுங்கோ. அங்கத்த வங்காளதேசக் கடைக்காரர் மாஃபியாவுக்குக் கப்பம் கட்டமாட்டம் எண்டு, 2004 இல் தொடங்கின 'அத்தியோபிட்சோ' அமைப்பின் துணையோட பொலிசில முறையிட்டு, 2016 மே மாதம் பத்துப் பேரைக் கைது செய்ய வைச்சிச்சினம். கனகாலம் உள்ளூர்க் கடைக்காரரே வாய் திறக்காத இடத்தில வாய் திறந்தது வாக்குரிமை இல்லாத ஆக்கள். அதுக்கு முதல் வருஷம் நகரபிதா லெயோலூக்கா ஒர்லாந்தோ 'பலேர்மோ சாசனம்' எண்டு வெளியிட்டு, வதிவிட அனுமதி முறையையே ஒழிக்கவேணும் எண்டு கேட்டவர். சட்டம் மாறேல்ல. ஒரு நகரபிதா அப்படிக் கேட்டார் எண்டதை இங்க டென்மார்க்கில சொல்லிப் பாருங்கோ, ஒருத்தரும் நம்பமாட்டினம்.

கடைசியா ஒண்டு. நான் சொன்ன அந்தப் பிள்ளைக்கு இப்ப இத்தாலியப் பாஸ்போர்ட் கிடைச்சிட்டுது. வாற கோடைக்கு இங்க வந்து, டேனிஷ் வீட்டு வேலைத் தொழிலாளரைப் பற்றித் தன்ர ஆய்வுக்கு ஆக்களைச் சந்திக்கப் போறா. ஜூனில இருந்து ஓகஸ்ட் வரை ஓகூஸில ஒரு அறை வேணும். ஆரிட்டையாவது இருந்தால், தேத்தண்ணி நேரம் என்னட்ட வந்து சொல்லுங்கோ.