கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது பயன்படுற மாதிரி பேசுப்பா" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெக்கானிக்கல் படித்துவிட்டு இத்தனை வருடம் வண்டிகளோடு காலம் தள்ளுகிற என்னிடம், பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பழைய மாருதி 800 ஒண்ணு வருது. கார்புரேட்டர் வண்டி, விலை கம்மி. இன்ஜெக்‌ஷன் வண்டியும் ஒண்ணு இருக்கு, கொஞ்சம் கூட சொல்றாங்க. எதை எடுக்கலாம்?"

ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800, இரண்டு விதமாகவும் வந்தது. பெயர் ஒன்று, 796 சி.சி.யும் ஒன்று. பெட்ரோல் உள்ளே போகும் வழிதான் வேறு.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவையைச் சரியாகப் போடுவதுதான் இரண்டுக்கும் வேலை. மாணவர்கள் படித்த பெர்னூலிதான் கார்புரேட்டரின் உயிர். குறுகிய கழுத்து வழியாகக் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. மிதவை அறையில் இருக்கும் பெட்ரோல் ஜெட் துளை வழியாகத் தானாக ஏறி வருகிறது. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. ஜெர்மனியில் மேபாக் 1893இல் செய்த தெளிப்புக் கார்புரேட்டரிலிருந்து நூறு வருடத்துக்கு மேல் உலகத்தை ஓட்டிய யோசனை இது.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. தான் போட்ட கலவை எப்படி எரிந்தது என்று அதற்குத் தெரியாது. ஊட்டி 2,200 மீட்டர் உயரம். காற்று அங்கே லேசு. கீழே சரிசெய்து வைத்த கார்புரேட்டர் மேலே போனால் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். வண்டி திணறும், கறுப்புப் புகை விடும்.

இன்ஜெக்‌ஷனில் டேங்குக்குள் இருக்கும் பம்ப், சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. எவ்வளவு நேரம் இன்ஜெக்டர் திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அதோடு, ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில், புகைக் குழாயில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து அடுத்த கணக்கைத் திருத்திக்கொள்கிறது. பரீட்சை எழுதியதும் விடைத்தாள் கைக்கு வருகிற மாதிரி!

கார்புரேட்டர் போனதற்கு மைலேஜ் முதல் காரணம் அல்ல. புகைதான் காரணம். மூவழிக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, கலவை அந்த 14.7ஐ ஒட்டியே இருக்க வேண்டும். அதைச் சாதாரணக் கார்புரேட்டரால் தர முடியாது. 1999இல் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளைக் கட்டாயமாக்கியது. 2000 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் முதல் கட்ட விதிகள் வந்தன. அதையொட்டித்தான் நம் புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற ஆரம்பித்தது. 2020இல் பி.எஸ். 6 வந்ததும் பைக்குகளுக்கும் அதே கதை. அப்பா பைக்கில் சோக் இருக்கும். மகன் பைக்கில் இருக்காது.

சரி, எதை வாங்கலாம்? முதலில் சோதனையைச் சொல்கிறேன்.

கார்புரேட்டர் வண்டியைக் காலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது போய்ப் பாருங்கள். பானெட் சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்! சோக் இழுத்து ஸ்டார்ட் ஆகிறதா, சூடானபின் ஐடிலில் நிற்கிறதா, ஆக்சிலேட்டரை மிதித்தால் திக்குகிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று பாருங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை முதலில் பாதி திருப்புங்கள். இன்ஜின் படம் போட்ட விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம்: கோளாறை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். வாங்கியபின் டேங்கை வறண்டு போக விடாதீர்கள்; பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான்.

இன்னொரு விஷயம், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023இல் அறிமுகமாகி, இன்று நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் பழைய ரப்பர், கேஸ்கெட்டுகளைக் கெடுக்கும். இதில் இரண்டு வண்டிக்கும் சங்கடம்தான்; ஹோஸ்களை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை நீர்த்துப் போகும். அதைச் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் ஓரளவு தானே ஈடுகட்டும். கார்புரேட்டரில் நாமாகத்தான் ஜெட்டை மாற்ற வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. தினமும் ஆபீஸ் போக, குடும்பத்தோடு ஊருக்குப் போக என்றால் இன்ஜெக்‌ஷன்தான், பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் படவேண்டும் என்று ஆசையா? கார்புரேட்டர் வாங்குங்கள். ஆனால் மெக்கானிக்கைத் தேடிவிட்டு அப்புறம் வண்டியைத் தேடுங்கள். ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பி, காது கொடுத்துக் கேட்டே டியூன் பண்ணுகிற பெரியவர்கள் ஊருக்கு ஓரிருவர்தான் இருக்கிறார்கள். அவர்கள் பட்டறையில் நிற்கும் பையன்களுக்கு ஸ்கேனர் தெரியும். அந்தச் சத்தம் தெரியாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லீவில் பத்து நாள் அப்படி ஒரு பெரியவரிடம் போய் நில்லுங்கள். அவரை "அண்ணே" என்று கூப்பிட்டு, ஒரு கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, திரும்ப மாட்டக் கற்றுக்கொள்ளுங்கள். 14.7 என்ற எண் அப்போதுதான் உங்கள் விரலுக்கு வரும். அதன்பின் எந்த கம்ப்யூட்டர் வண்டி வந்தாலும் உங்களை மிரட்டாது.