மணல் தட்டும் ஸ்மார்ட் போர்டும்

(நம் சங்கத்தின் ஆசிரியர் தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பக்கத்து அரசுப் பள்ளிக்கு நம் பொதுநிதியிலிருந்து ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் பேச்சு வந்தது. அரசு கொடுத்தது அங்கே ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, இது இரண்டாவது. நல்ல எண்ணம்தான். செக்கில் கையெழுத்துப் போடும் முன் ஒரு பத்து நிமிடம் எனக்குக் கொடுங்கள். பணம் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எதற்குக் கொடுப்பது என்பதுதான் என் பேச்சு.

வகுப்பறைக்குள் புதுக் கருவி வருவது இன்று நேற்று நடக்கிற காரியம் இல்லை. 1789ல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதை அவர் பார்த்தார். மையும் தாளும் செலவில்லை, அழிக்கலாம், திரும்ப எழுதலாம். இதை நம் பள்ளியிலும் செய்யுங்கள் என்று ஆசிரியரிடம் சொன்னார். இதெல்லாம் நடக்காது என்று அவர் சொல்லிவிட்டார். பெல் சளைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்ன வகுப்புக்கு நீ எழுத்துச் சொல்லிக் கொடு என்றார். அவன் சொல்லிக் கொடுத்தான், பிள்ளைகளும் படித்தார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பெல் 1797ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் 'மெட்ராஸ் கல்லூரி' என்று இன்றைக்கும் ஒரு பள்ளி இருக்கிறது.

அந்தப் பள்ளியில் மணல் என்பது பாதிதான். மீதிப் பாதி, பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது. அதை விட்டுவிட்டு மணலை மட்டும் வாரிக்கொண்டு போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

இன்னொரு முறையை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். 2003ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலிக்கு ஆசிரியர்களை அனுப்பினார். அங்கே கிராமப் பள்ளிகளில் நடந்த முறையைப் பார்த்து வந்து 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். அதுதான் செயல்வழிக் கற்றல். 2007-08ல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது.

அந்த வகுப்பறை எப்படி இருந்தது என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வாதமே இதில்தான் இருக்கிறது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்துவிட்டார்கள். எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்பதைச் சுவரில் ஏணி மாதிரி வரைந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் வைத்தார்கள். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். சில குழுக்களில் ஆசிரியர் கூடவே இருப்பார். சில குழுக்களில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வார்கள். கடைசியில் தனியாகச் செய்து பார்ப்பதும் உண்டு. கரும்பலகை உயரத்தில் இல்லை. சுவரைச் சுற்றித் தாழ்வாக, பிள்ளையின் கைக்கு எட்டும்படி இருந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். வருகைப் பதிவைக்கூடப் பிள்ளையே குறித்தது.

இதில் நம் ஊருக்கு என்ன என்று கேட்பீர்கள். உப்பளத்துக்கும் கடலுக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அம்மா விடியுமுன் உப்பளத்துக்குப் போய்விட்டால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காள் வீட்டில் நின்றுவிடும். எட்டு நாள் கழித்து அது பள்ளிக்கு வரும்போது சாதாரண வகுப்பில் பாடம் எங்கேயோ போயிருக்கும். ஏணி வைத்த வகுப்பில் அது விட்ட படியிலிருந்து ஏறலாம். யாரும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அதுவும் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டாம். மின்சாரமே இல்லாத அட்டையில் இது நடந்தது. குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அட்டைகள் கிழிந்தன. "விளையாடிட்டு வருதுவ, வீட்டுப்பாடமே இல்ல" என்று பெற்றோர் பலர் குறைப்பட்டார்கள். நாலு வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே டீச்சர் மேய்ப்பது லேசான காரியமில்லை.

அதற்குப் பிறகு வந்தவை உங்களுக்குத் தெரியும். 2018ல் புதுப் பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு அச்சிட்டார்கள். 2019ல் கல்வித் தொலைக்காட்சி. கொரோனாவுக்குப் பின் 2021ல் இல்லம் தேடிக் கல்வி. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, டீச்சர் போனில் உள்ள செயலி வழியாகவே மதிப்பீடு செய்கிறார்கள். நினைத்துப் பார்த்தால் அதே ஏணிதான். அட்டை இருந்த இடத்துக்குப் போன் வந்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மதிப்பீடு, வருகை, புள்ளிவிவரம் எல்லாம் செயலியில் ஏற்ற வேண்டியிருப்பதால் பாடம் நடத்தும் நேரம் குறைகிறது என்பது ஆசிரியர்கள் சொல்லிவரும் குறை. எனக்கு அது நன்றாகவே புரியும். வங்கியில் கம்ப்யூட்டர் புதிதாக வந்த காலத்தில் லெட்ஜரிலும் எழுதினோம், அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்றினோம். கவுண்டரில் நிற்கும் வாடிக்கையாளர் முகத்தை நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. லெட்ஜரை மூடிய பிறகுதான் அந்த இயந்திரம் எங்களுக்கு உதவியாக மாறியது. டீச்சர்மாருக்கு அந்த லெட்ஜரை மூடுகிற அதிகாரம் நம்மிடம் இல்லை. புதிதாக இன்னொன்றைச் சுமத்தாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

சுகதா மித்ரா என்ற பேராசிரியரின் சோதனை ஒன்று உண்டு. காளிக்குப்பம் என்ற தமிழ்க் கிராமத்தில் பொது இடத்தில் கம்ப்யூட்டரை வைத்து, பத்திலிருந்து பதினாலு வயதுவரையான பிள்ளைகளை விட்டுவிட்டார். பாடம் மூலக்கூறு உயிரியல், அதுவும் ஆங்கிலத்தில். தாங்களாகவே தட்டிப் பார்த்து, அதே பாடத்தை வகுப்பில் படித்த உள்ளூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அளவுக்கு மதிப்பெண் வாங்கினார்கள். பிறகு ஒருவரைத் துணைக்கு வைத்தார். அவருக்கு அந்தப் பாடமே தெரியாது. பக்கத்தில் நின்று ஊக்கம் கொடுப்பதுதான் அவர் வேலை. அதன்பின் டெல்லியின் நல்ல தனியார் பள்ளி ஒன்றின் பிள்ளைகளுக்குச் சமமாக வந்துவிட்டார்கள் என்று 2010ல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. மித்ராவின் முடிவுகளுக்கு மறுப்புச் சொல்கிறவர்களும் உண்டு. டீச்சரே வேண்டாம் என்று இதை வைத்து யாராவது பேசினால் நானும் அவர்களோடு சேர்ந்து மறுப்பேன். ஆனால் கம்ப்யூட்டரை மாற்றாமல், பக்கத்தில் ஒரு மனிதரைச் சேர்த்ததும் மதிப்பெண் ஏறியதே, அதைப் பாருங்கள்.

இனி நம் கணக்குக்கு வருகிறேன். வணிகவியல் படித்தவனுக்கு வேறென்ன வரும்? ஸ்மார்ட் போர்டு முதலீட்டுச் செலவு. வாங்கிய நாளிலிருந்து தேய்மானம். நம் உப்புக்காற்றில் கிரில் கேட்டே நாலு வருடத்தில் துருப்பிடிக்கிறது. அது எத்தனை வருடம் தாங்கும் என்று நீங்களே சொல்லுங்கள். இணையக் கட்டணம், ரிப்பேர், ஸ்டெபிலைசர் எல்லாம் நடைமுறைச் செலவு. அதற்கு நம் தீர்மானத்தில் ஒரு பைசாகூட ஒதுக்கவில்லை. அதோடு போர்டு எங்கே இருக்கும்? சுவரில், உயரத்தில். தொடுவது டீச்சர், பார்ப்பது நாற்பது பிள்ளைகள். தாழ்வாக இறக்கிவைத்த கரும்பலகையை நாமே மறுபடி மேலே ஏற்றுகிறோம். அரசு கொடுத்த ஒன்று போதும். நல்ல படம், வீடியோ காட்ட அது உதவும்.

என் யோசனை இது. அதே தொகையில் பாதிக்கு, நாலைந்து பிள்ளைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் சில டேப்லெட்டுகள். என்ன வாங்குவது, அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை டீச்சர்மாரே சொல்லட்டும். நாம் கடைக்குப் போகும் முன் அவர்களிடம் போவோம். மீதிப் பாதியை வங்கியில் தனிக் கணக்கில் போட்டு, மூன்று வருட இணையத்துக்கும் ரிப்பேருக்கும் வைப்போம். கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்தது ஆள். நம் குடியிருப்பில் ஓய்வு பெற்றவர்கள் குறைந்தது இருபது பேர் இருக்கிறோம். துறைமுகத்தில் இருந்தவர்கள், அனல்மின் நிலையத்தில் இருந்தவர்கள், ஆசிரியர்கள். தலைமை ஆசிரியை அனுமதி கொடுத்தால், வாரம் இரண்டு மாலை, பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம், டீச்சருக்குத் துணையாக இருவர் இருவராகப் போய் உட்காரலாம். பாடம் நடத்த வேண்டாம். "இதை எப்படிக் கண்டுபிடிச்ச? எனக்கும் சொல்லு மக்கா" என்று கேட்டால் போதும். மூட்டுவலிக்காரர்களுக்கு நாற்காலி உண்டு, ஆனால் பிள்ளைகள் பாயில் இருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று தெரியும்.

தீர்மானத்தைத் திருத்தி அடுத்த செயற்குழுவில் வைக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். மாலை வேளைக்கு வரச் சம்மதிக்கிறவர்களுக்காக வாசலில் மேசை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. மக்ரூன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெயரும் வசதியான கிழமையும் எழுதிவிட்டுப் போங்கள்.