விட்டுப்போன ஆசீர்வாதம்

(நன்கொடையாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



கடலூர் ஆலயத்தின் ஞாயிறு ஆராதனையைச் சிதம்பரத்திலுள்ள நம் முதியோர் வார்டில் அதே நேரத்தில் காட்ட, உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு செலவானது. அதற்குக் கணக்கு ஒப்புவிக்கவே இங்கு நிற்கிறேன்.

தூரம் சுமார் 45 கிலோமீட்டர். ஆலயத்தில் காமிராவோடு என்கோடர் என்னும் பெட்டி. அது படத்தையும் ஒலியையும் சுருக்கி இணையத்தில் அனுப்பும். வார்டில் டிகோடர். அது அவற்றை விரித்துத் தொலைக்காட்சியில் காட்டும். இரண்டு பெட்டி வாங்கினால் போதும் என்றிருந்தோம். முதல் மாதம் படம் உறைந்தது, பாட்டு அறுந்தது. ஒரு ஞாயிறு மாலை நான் அங்கே போனபோது படுக்கையிலிருந்த தாயார் ஒருவர், "ஐயா, இன்னைக்கு ஆசீர்வாதம் சொன்னீங்களா? நீங்க கையைத் தூக்கினதோட படம் நின்னுபோச்சு" என்றார். அருகில் நின்று அதை மறுபடியும் கூறினேன். அடுத்த ஞாயிறு அந்தப் படுக்கை காலியாயிருந்தது.

அதன்பின் வாலிபர்கள் சிலர் உட்கார்ந்து குறையைத் தேடினார்கள். படம் சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. வழியில் சில தொலைகின்றன. நாங்கள் முதலில் வைத்த முறையில் தொலைந்தது தொலைந்ததுதான். இப்போது எஸ்.ஆர்.டி. என்ற முறைக்கு மாற்றியிருக்கிறோம். 2017-ல் யாவரும் இலவசமாய்ப் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டது அது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எண் உண்டு. ஓர் எண் வராவிட்டால் டிகோடர் அதை மறுபடி கேட்கும். என்கோடர் மறுபடி அனுப்பும். அதற்கு அவகாசமாக 2 வினாடி தாமதம் வைத்தோம். வைஃபையை விட்டுக் கம்பி இழுத்தோம். இணைப்பு தாங்கும் அளவில் பாதிக்குமேல் அனுப்புவதில்லை. வழியில் எவரும் பார்க்கக்கூடாதபடி சங்கேதமாக்கியே அனுப்புகிறோம். நோயாளிகளைப் படம் பிடிப்பதே இல்லை.

ஆகவே சிதம்பரத்தில் "ஆமென்" 2 வினாடி பிந்தியே எழும்பும். பரலோகத்தில் அது பிந்தாது என்று விசுவாசிக்கிறேன்.

இன்னும் ஒரு தேவை உண்டு. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் நம் கடலூரைத் தாக்கியபோது எத்தனை நாள் இருளில் இருந்தோம் என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மின்சாரம் நின்றால் இந்தப் பெட்டிகளும் நின்றுபோகும். இரு முனைக்கும் பாட்டரியும், இரண்டாவது இணைய இணைப்பும் வேண்டும். இதற்காக ஜெபியுங்கள், கூடுமானால் தாங்குங்கள்.

மத்தேயு 8-ம் அதிகாரத்தில் நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரன், ஆண்டவர் அவன் வீட்டுக்கு வராமலே சுகமானான். அதே அதிகாரத்தில் பேதுருவின் மாமியை அவர் கையைத் தொட்டுக் குணமாக்கினார். நமக்கு இரண்டும் வேண்டும். ஆகையால் படம் நன்றாகத் தெரிகிற இந்நாட்களிலும், ஞாயிறு மாலை நான் சிதம்பரம் பஸ் ஏறுகிறேன். எந்தப் பெட்டியாலும் திரும்பக் கேட்டு வாங்கமுடியாத ஒன்று எந்தப் படுக்கையிலாவது விட்டுப்போயிருக்கலாம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.