மண்ணே இல்லாம பசுந்தீவனம்: கணக்குப் பார்த்துட்டு இறங்குங்க
(மார்க்கையன்கோட்டையில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

முல்லைப் பெரியாறு தண்ணி பாயுற ஊரு இது. வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனா வயல் இல்லாதவங்க வீட்டு மாட்டுக்குப் பச்சை எங்க கிடைக்குது? வரப்புப் புல்லுதான். அவங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

மக்காச்சோளத்தை ஒரு நாள் ஊற வைங்க. ஈரச் சாக்குல கட்டி முளை விட்டதும், அடியில் ஓட்டை போட்ட தட்டுல பரப்பி, நிழல்ல வச்சு, அப்பப்போ தண்ணி தெளிங்க. ஏழு, எட்டு நாள்ல வேரும் தழையும் பின்னிப் பாய் மாதிரி வந்துடும். வேரோட மாடு திங்கும். ஒரு கிலோ சோளத்துக்கு அஞ்சாறு கிலோ தீவனம். கிலோவுக்கு 2, 3 லிட்டர் தண்ணி போதும். கோவாவில் பால் ஒன்றியமும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து இதற்கான கூடங்களையே அமைத்தார்கள்.

இப்போ வீடியோக்கள் சொல்லாத கணக்குக்கு வருவோம். 'ஒரு கிலோ ஆறு கிலோ ஆகுது'ன்னா, கூடுனது பெரும்பாலும் தண்ணி. ஒரு கிலோ சோளத்துல உலர் எடை ஏறத்தாழ 900 கிராம். அது ஆறு கிலோ தீவனமானதும் 800 கிராமுக்கும் கீழே இறங்கிடலாம், ஏன்னா முளைக்கிறப்போ விதை தன்னையே கொஞ்சம் செலவழிக்குது. சோளம் கிலோ 25 ரூபாய்னு வச்சுக்கிட்டா, தீவனம் கிலோ நாலு ரூபாய் சொச்சம்னு தெரியும். உலர் எடைக்குப் பார்த்தா, சோளத்தை விட விலை கூடத்தான். லாபம் பச்சையில, ருசியில, எளிதா செரிக்கிறதுல இருக்கு. அதனால வைக்கோலையும் தவிட்டையும் நிறுத்திடாதீங்க. இது கூடச் சேர்க்கிறதுதான். கடன் வாங்கிப் பெரிய கூடம் போட நினைக்கிறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. அஞ்சு சென்ட் நிலமும் தண்ணியும் இருந்தா, கோ-5 கரணை நடுறதே மலிவு. என் கருத்து அதுதான்.

ரெண்டு விஷயத்துல மட்டும் அசந்துடக் கூடாது. விதைக்கடையில கிடைக்கிற சாயம் பூசுன விதை வேணாம், அதுல மருந்து கலந்திருக்கும். மருந்து படாத முழுச் சோளமா வாங்கி, நூறு மணியை முளைக்க வச்சுப் பாருங்க. எண்பதுக்குக் கீழே முளைச்சா வேணாம்.

இன்னொண்ணு பூஞ்சணம். வேர்ல வெள்ளையா மெல்லிசா இருக்கிற நாரைப் பார்த்துப் பயந்துடாதீங்க, அது வேர்த்தூவி. ஊசிப்போன வாடையோ, வழவழப்போ, பூஞ்சணமோ எது தெரிஞ்சாலும் தட்டோட குப்பையில கொட்டுங்க. பாவம் பார்த்து மாட்டுக்குப் போட்டுடாதீங்க. பூஞ்சண நஞ்சு மாட்டைக் கெடுக்கும், பால்லயும் இறங்கும். ஒவ்வொரு தடவையும் தட்டைக் கழுவி வெயில்ல காய வைங்க.

மாடு தீவனம் எடுக்கலைன்னாலோ, கழிச்சல் கண்டாலோ கால்நடை உதவி எண் 1962-க்கு அழையுங்க. தீவனப் பயிர் பற்றிய சந்தேகத்துக்கு 1800-180-1551. காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழ்லயே பேசலாம். காமாட்சிபுரத்துல வேளாண் அறிவியல் மையமும் இருக்கு.

முதல்ல கூடமெல்லாம் வேணாம். ஒரே ஒரு தட்டு, அரைக் கிலோ சோளம். எட்டாம் நாள் உங்க மாடு முகர்ந்து பார்க்குதா, திங்குதான்னு பாருங்க. அப்புறம் பேசுவோம்.