ஒரு நோய்க்கு ஒரு பெயர்

(ஊர்த் தமிழ்மன்றத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவம் படியாத தமிழாசிரியனுக்கு நோயைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் வினவலாம். நோயைப் பற்றி நான் பேச வரவில்லை. நோயின் பெயரைப் பற்றியே பேச வந்துள்ளேன். அதனைப் பேச என்னைத் தூண்டியவர் என் தமையனார்.

அவர் உழவர். உடல் தளர்ந்து மருத்துவமனை சென்றபோது, 'உமக்குச் சுகர் இருக்கிறது' என்ற ஒரே சொல்லோடு மருந்துச் சீட்டைக் கொடுத்து அனுப்பினர். சுகர் என்றால் சர்க்கரை என்று பக்கத்தில் இருந்தவர் பொருள் சொன்னார். தமையனார் அன்றே தேநீரில் சர்க்கரையை விட்டார், கருப்பட்டிக்கு மாறினார். மூவேளையும் சோற்றை முன்போலவே உண்டார். காலில் வந்த புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுத்த பிறகு அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சர்க்கரை என்றார்கள், சர்க்கரையை விட்டேனே, தம்பி?" அந்த வினாவிற்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

நீரிழிவு என்னும் பெயர் நம்மிடம் உண்டு. உடலிலிருந்து நீர் மிகுதியாக இழிந்து போகும் குறியைக் காட்டும் பெயர் அது. மேலை மருத்துவர் வழங்கும் 'தயாபிட்டிசு' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் ஊடே வழிந்தோடுதல் என்பதே பொருள். பொருள் ஒன்றாயிருந்தும் கிரேக்கச் சொல் அறிவியலாம், தமிழ்ச்சொல் நாட்டுப்புறமாம்! இது சொல்லின் குறையன்று. நம் அடிமை மனத்தின் குறை.

அன்பர்களே! பெயர்க்குழப்பம் நமக்கு மட்டும் வந்ததன்று. இங்கிலாந்தில் இறப்புகளைக் கணக்கெடுத்த வில்லியம் பார் என்பவர் 1839ஆம் ஆண்டிலேயே இதற்காக வருந்தினார். ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர். ஒரே பெயரால் பல நோய். இப்படியிருந்தால் எந்த நோயால் எத்தனைப் பேர் மாண்டனர் என்று எவ்வாறு எண்ணுவது என்பது அவர் கவலை. 1893இல் சிக்காகோவில் பெர்த்தியோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இறப்புக் கரணியங்களின் பட்டியல் ஒன்றை முன்வைத்தார். 1900இல் பாரிசு மாநாட்டில் நாடுகள் கூடி அதனைத் திருத்தின. 1948இல் உலக நலவாழ்வு நிறுவனம் அப்பணியை ஏற்று, இறப்போடு நோய்களையும் சேர்த்து ஆறாம் பதிப்பை வெளியிட்டது. 2019இல் ஒப்புதல் பெற்ற பதினோராம் பதிப்பு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியெண் உண்டு. நீரிழிவின் இரண்டாம் வகைக்கு 5ஏ11. கக்கல் கழிச்சலுக்கு 1ஏ00. குறியெண் எல்லா மொழிக்கும் பொது. அதன் எதிரே தமிழ்ப் பெயர் எழுத வேண்டா என்று நம்மைத் தடுப்பார் எவருமில்லை. எழுத வேண்டியவர் நாம், எழுதாதவரும் நாமே.

பார் அன்று கண்ட இரு குறைகளும் இன்று நம்மிடம் உள்ளன. நுரையீரலை அரிக்கும் ஒரு நோய்க்குச் சயம், காசம், எலும்புருக்கி, ஈளை என்று நான்கு பெயர். எலும்புருக்கி என்று கேட்டவன், அது இருமலால் பரவும் என்று எண்ணி வாயை மூடுவானா? ஈளை என்றாலோ இரைப்பு நோயையும் குறிக்கும். மாரடைப்பு என்னும் சொல்லையோ மூன்று நோய்க்கு வழங்குகிறோம். நெஞ்சாங்குலைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவது ஒன்று. துடிப்பு திடீரென நின்றுபோவது ஒன்று. நெஞ்சாங்குலை தளர்ந்து குருதியைத் தள்ளமாட்டாமல் ஓய்வது ஒன்று. உலகப் பட்டியலில் இம்மூன்றும் வெவ்வேறு. முதலாவது மட்டுமே அடைப்பு. ஏனையவற்றை நெஞ்சாங்குலை நிற்றல் என்றும், நெஞ்சாங்குலைத் தளர்ச்சி என்றும் பிரித்துச் சொன்னால் என்ன?

இதனால் என்ன கேடு என்பீர்கள். இந்தியாவில் 2020இல் பதிவான இறப்புகளுள் மருத்துவர் கரணியம் எழுதிச் சான்றளித்தவை நூற்றுக்கு ஏறத்தாழ 22 மட்டுமே. எஞ்சியோர் எதனால் மாண்டனர் என்பதை அறிய, அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தார் வீட்டாரிடம் சென்று, நோயின் குறிகளை அவரவர் தாய்மொழியில் கேட்டு எழுதுகின்றனர். அந்தத் தாயும் மனைவியும் சொல்லும் சொல்லே சான்று. அச்சொல் குழம்பினால் கணக்குக் குழம்பும். கணக்குக் குழம்பினால் மருந்தும் பணமும் தவறான இடத்திற்குச் செல்லும்.

தமிழால் இது இயலுமா என்று ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்வேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். தமிழில் மருத்துவ நூல்களும் ஆக்குவித்தார். அயலவர்க்கு இயன்றது நமக்கு இயலாதா? ஆயினும் அவர் காலத்துச் சொற்களுட் பல வடமொழி சார்ந்தவை. 'அங்காதிபாதம்' என்றால் உடற்கூறு என்று இன்று யாருக்கு விளங்கும்? மாறாக, தொழுநோயும் புற்றுநோயும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டன. விளங்கும் சொல் வாழும். விளங்காத சொல் மாயும்.

நோய்கள் 4448 என்று தொகை சொல்வது நம் சித்த மருத்துவ மரபு. அம்மரபின் நோய்ப்பெயர்களும் உலகப் பட்டியலில் இடம்பெறத்தக்க பகுதி ஒன்று 2024 சனவரி 10 அன்று புதுதில்லியில் வெளியிடப்பட்டது. மகிழ்வோம். ஆனால், மூன்றனுள் முதலாவதைத் திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் வளி என்றே சுட்டியிருக்க, நாம் இன்னும் வாதம், பித்தம், கபம் என்றே எழுதுவதா? வளி, அழல், ஐயம் என்னும் சொற்கள் எங்கே போயின?

இறுதியாக, நம் தோழர்க்கும் ஒரு சொல். ஒருவர் ஆக்கிய சொல்லை மற்றவர் ஏற்காமல், ஒரு நோய்க்கு நாமே ஐந்து பெயர் ஆக்குகிறோம். அது தமிழ்த் தொண்டாகாது. மருத்துவரும் புலவரும் செவிலியரும் ஒன்றாய் அமர்ந்து, ஒரு குறியெண்ணுக்கு ஒரு தமிழ்ப்பெயர் என வரையறுக்க வேண்டும். அப்பெயரை மருந்துச் சீட்டிலும் இறப்புச் சான்றிலும் எழுதுமாறு அரசை வலியுறுத்த வேண்டும். அதுவரை, மருத்துவரிடம் செல்லும் ஒவ்வொருவரும் 'இதற்குத் தமிழில் என்ன பெயர்? நான் என்ன செய்ய வேண்டும்?' என்று கூசாமல் கேளுங்கள்.

என் தமையனார் அன்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் நலம்!