நிலவுக்குப் போகும் சரக்கு



நிலவு என்றதும் உவமைகளை அடுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச விழைவது நிலவுக்கு நடக்கும் வாணிகத்தைப் பற்றி.

நிலவில் இறங்கும் கலங்களைத் தனியார் நிறுவனங்களே கட்டட்டும், நம் கருவிகளைக் கட்டணம் கொடுத்து அவற்றில் அனுப்பலாம் என்று அமெரிக்காவின் நாசா 2018-இல் திட்டம் வகுத்தது. எஞ்சிய இடத்தை அந்நிறுவனங்கள் பிறருக்கும் விற்கலாம். இங்கேதான் சிக்கல்.

2024 ஜனவரி 8-இல் ஆஸ்ட்ரோபோட்டிக் நிறுவனத்தின் பெரெக்ரின் கலம் புறப்பட்டது. ஆய்வுக் கருவிகளோடு, பணம் பெற்று ஏற்றிய மனித அஸ்தியும் அதில் இருந்தது. நவஹோ பழங்குடி மக்களுக்கு நிலவு புனிதமானது. அவர்களின் தலைவர் பூ நைக்ரன், பயணத்தைத் தள்ளிவைக்குமாறு முன்னரே கடிதம் எழுதினார். தனியார் சரக்கின்மீது தனக்கு அதிகாரமில்லை என்றது நாசா. 1998-இல் யூஜின் ஷூமேக்கர் என்னும் அறிவியலாளரின் அஸ்தியைத் தன் கலத்தில் அனுப்பியபோது இதே மக்களிடம் வருத்தம் தெரிவித்து, இனிக் கலந்து பேசுவோம் என்று வாக்களித்ததும் அதே நாசாதான். வேலை கைமாறியது, வாக்கு மாறவில்லை, காணாமற் போயிற்று.

எரிபொருள் கசிந்ததால் கலம் நிலவை அடையாமல், பத்தாம் நாள் தென் பசிபிக்குக்கு மேலே எரிந்தழிந்தது. அஸ்தியோடு இலக்கியமும் எரிந்தது. கனடாவில் வாழும் இயற்பியலாளரும் கவிஞருமான சாமுவேல் பெரால்டா பல நாட்டுப் படைப்பாளிகளிடம் திரட்டிய 'லூனார் கோடெக்ஸ்' தொகுப்பின் ஒரு பகுதியும் அதில் சென்றிருந்தது.

பிப்ரவரி 22-இல் இன்டூயிட்டிவ் மெஷின்ஸ் நிறுவனத்தின் ஒடிசியஸ், தென்முனைக்கு அருகே இறங்கியது. தனியார் கலம் ஒன்று நொறுங்காமல் இறங்கியது அதுவே முதன்முறை. ஆயினும் கால் உடைந்து சாய்ந்துவிட்டது. (காவியத் தலைவனின் பெயரைச் சூட்டியவர்கள் அவன் வீடு திரும்பப் பட்ட பாட்டையும் எண்ணியிருக்கலாம்!) லூனார் கோடெக்ஸின் இன்னொரு பகுதி அதில் போய்ச் சேர்ந்தது, இன்றும் அங்கேதான் கிடக்கிறது. கூடவே, ஓர் ஆடை நிறுவனத்தின் வெப்பக்காப்புத் துணியும்.

கவிதை நிலவைத் தொட்டதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால், அது போனது விருந்தாளியாக அன்று, சரக்காக. 1967 விண்வெளி உடன்படிக்கை, நிலவை எந்த நாடும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது. அங்கே கொண்டுபோய் வைக்கும் பொருளுக்கு எந்த மக்களின் இசைவு வேண்டும் என்று அது கூறவில்லை. அந்த இடைவெளியில் நம் எழுத்தும் போய் அமர்ந்துவிட்டது.

நாளை நம் வட்டத்திடமும் யாரேனும் கவிதை கேட்டு வரலாம். கொடுக்குமுன், அந்தக் கலத்தில் வேறு என்ன ஏறுகிறது, அதை வேண்டாம் என்றவர் யார் என்று கேளுங்கள். நான் கேட்பேன்.