துபாஷியின் நாட்குறிப்பு



பிரெஞ்சியர் ஆண்ட புதுச்சேரியின் அன்றாட வாழ்வை அறிய நமக்குக் கிடைத்துள்ள பெருஞ்செல்வம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை, தம் காலத்துப் பேச்சுத்தமிழிலேயே அவர் அதனை எழுதினார். கப்பல் வரவு, பீரங்கி மரியாதை, பல்லக்கு உரிமை, வெற்றிலை பாக்கு உபசாரம், சாதி வழக்கு எல்லாம் அதில் உண்டு.

துபாஷி என்பவர் இருமொழியாளர். ஆனால் அவர் பணி மொழிபெயர்ப்போடு நின்றுவிடவில்லை. கும்பினிக்கும் உள்ளூர் வணிகர்க்கும் பாலமாக நின்றார். ஆளுநர் துய்ப்ளேக்ஸின் மனமறிந்து பேசினார். எனினும் 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது அவருடைய செல்வாக்கு எதுவும் அதனைத் தடுக்கவில்லை. அதிகாரத்தின் அருகில் இருப்பது வேறு, அதிகாரம் பெற்றிருப்பது வேறு என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1743-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று இன்னும் கொடியது. எளிய மக்களை ஏமாற்றிப் பிடித்து, தலையை மழித்து, அடைத்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய செய்தியைப் பிள்ளை பதிவு செய்கிறார். அவர் எழுதியிராவிட்டால் அக்கொடுமையை நாம் அறிந்திருப்பது அரிது. ஆனால் பிடிபட்டவர் தம் வாயால் சொன்ன சொல் நமக்கு எட்டவில்லை. துணி நெய்தவரும், வெளுத்தவரும், மூட்டை சுமந்தவரும் நாட்குறிப்பு எழுதவில்லை.

கவிஞர்களே, பிள்ளையின் ஏடுகளைப் படியுங்கள். பெயரின்றி அவற்றில் வந்து போகிறவர்களைப் பாடுங்கள்.